தூக்கத்தில் முங்கியவர்

என் கணவர் கடலில் முங்கிச் சங்கு குளித்தவர். படுத்தால் குறட்டை, நடுவில் மூச்சே நின்றுவிடும். “அண்ணன் தூக்கத்துலயும் முங்குதாவ, பாருங்க மதினி” என்று கொழுந்தன் கேலி செய்வார். மூச்சடக்குவது தொழிலாயிற்றே என்று எனக்குப் பெருமை.

இதய அறுவை சிகிச்சைக்கு முன், மயக்க மருந்து டாக்டரிடம் அந்தப் பெருமையைத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இது தூக்கத்துல மூச்சடைக்கிற நோய்ம்மா. ஆபரேஷனுக்கு அப்புறம் கிட்னியையும் பாதிக்கலாம். நல்லவேளை சொன்னீங்க.”

அதனால் ஆபரேஷன் முடிந்ததும் மூச்சுக்கு மாஸ்க் மாட்டி, சிறுநீரை அளந்தபடியே இருந்தார்கள். மறுநாள் சிறுநீர் குறைந்தது; உடனே சிகிச்சை கொடுத்தார்கள். மறுபடி சீராகும்வரை நான் வராந்தாவில் அலையைப்போல் போய்ப்போய்த் திரும்பினேன்.

இப்போது யார் ஆபரேஷனுக்குப் போனாலும், குறட்டையையும் டாக்டரிடம் சொல்லச் சொல்கிறேன். இவர் கண்ணயர்ந்தால், வீட்டுக்கும் தந்தனுப்பிய மாஸ்க்கை நானே மாட்டுகிறேன். “ஏளா, நீ தூங்கலியா?” என்பார்.

“நீங்க மூச்சு விடுங்க. நான் கேட்டுக்கிட்டு கெடக்கேன்.”