கெட்டி எண்ணெய்

போன வாரம் நான் வாங்கிய பழைய காரின் எஞ்சின் டக்டக்கென்று தட்டியது. மந்தின் ஊரிலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"பேரிங் போச்சுக்கா. சத்தம் தெரியாம கெட்டி எண்ணெய் ஊத்தி வித்துட்டாங்க லா," என்றார் மெக்கானிக்.

எனக்கு ஒன்பது வயதில், ரப்பர் தோட்டத்து வீட்டு வாசலில், நான் பார்க்க, அப்பாவும் எங்கள் காரில் அப்படித்தான் ஊற்றினார். அந்தக் காரைப் பக்கத்து வீட்டு அந்தோணி மாமாவுக்கு விற்றார். பிரசவ வலியில் துடித்த மகளை மாமா ஏற்றிப்போன அன்று, ரப்பர் காட்டுப் பாதையில் அது நின்றுவிட்டது. ஒரு லாரிதான் அவர்களைக் காப்பாற்றியது.

"தெரிஞ்சேதான் வித்தியா?" என்று மாமா கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? புள்ளையக் கேளு," என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

"அப்பாவுக்குத் தெரியாது மாமா," என்றேன்.

மாமா என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னக்கா செய்யலாம்?" என்றார் மெக்கானிக். "அந்த எண்ணெய வடிச்சிட்டு பேரிங்க மாத்துங்க," என்றேன்.