மண்ணெண்ணெய் எந்த வித்து?

என் வீட்டுக்காரருக்கு வாயில் பூட்டு கிடையாது. உலகச் சண்டைக் காலத்தில், பம்பாய் மாதுங்காவில், அந்த வாயால்தான் என் மாமியாரை ஊருக்கு மூட்டை கட்ட வைத்தார்.

அப்போது எனக்கு எட்டாம் மாதம். என்னைப் பெற்றவள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பிரசவத்துக்குத் துணையாகப் பாலக்காட்டிலிருந்து வந்திருந்தவர் மாமியார் ஒருவர்தான். மாமனார் போன பிறகு அவருக்கு ஆசாரம் இன்னும் கூடியிருந்தது. கரி கிடைக்காததால் நான் பம்ப் ஸ்டவ்வில் சமைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் விளக்குக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பழகியவர், சாப்பிட உட்கார்ந்தபோது ஸ்டவ்வைக் காட்டிப் பிள்ளையிடம் கேட்டார்: "ஏண்டா, இது எந்த வித்தை ஆட்டின எண்ணெய்?"

இவரோ எண்ணெய்க் கம்பெனி குமாஸ்தா. கேட்டால் விடுவாரா? சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"வித்தே இல்லேம்மா. நீ வந்த ரயிலுக்குப் போடற நிலக்கரி, சதுப்புல விழுந்த மரம். மேல மண்ணு மூடி, அமுங்கி, சூட்டுல கறுத்துப் போச்சு. மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் வேற. சமுத்திரத்துல கண்ணுக்குத் தெரியாத ஜீவராசியெல்லாம் செத்து, அடியில படிஞ்சு, சேத்துக்குள்ள வெந்து எண்ணெயாச்சு. இன்னும் சூடு ஏறினா கேஸ்."

மாமியார் இலையை நகர்த்தினார். "செத்ததைக் கொளுத்தியா எனக்குச் சாதம் வடிச்சேள்?"

அப்புறம் வாழைப்பழமும் பச்சைத் தண்ணீரும்தான். மறுநாள் பெட்டி வெளியே வந்தது. எனக்கு வந்த கோபத்தில் இவருக்குக் காப்பியே கொடுக்கவில்லை.

"யாரும் கொல்லலேம்மா," என்று கெஞ்சினார் இவர். "மனுஷாளே பொறக்காத காலம். தானா செத்தது."

மாமியாரின் கை பெட்டி மேலேயே நின்றது. "அப்போ அதுகளுக்கு யாருடா எள்ளும் தண்ணியும் விட்டா?"

மாமியாரே விரல் விட்டுத் திதியை எண்ணினார்.

"நாளைக்கு அமாவாசை. தர்ப்பணம் முடியறப்போ, அம்மா அப்பா பந்துக்கள்னு யாருமே இல்லாதவாளுக்குத் தண்ணி விடுவியே, அப்போ இதுகளையும் நெனைச்சுக்கோ."

அமாவாசையன்று இவர் சிரிக்காமல் அப்படியே செய்தார். அந்த மனுஷர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு மாமியார் தாமே ஸ்டவ்வின் முன் உட்கார்ந்தார். பம்ப் அடிக்க வரவில்லை. உதவப் போனேன்.

"நீ குனியாதே."

"அப்போ பெட்டி?" என்றேன்.

"அம்மா இல்லாத அதுகளுக்கெல்லாம் பரிஞ்சு பேசிட்டு, உன்னை விட்டுட்டுப் போவேனாடி?"