பெட்டிக்குக் கொடுத்த அகத்திக்கீரை

மெல்பர்னின் கிழக்கு ஓரத்தில் த பேசின் என்ற மலையடிவார ஊருக்கு நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டிக் கேட்ட முதல் கேள்வி, "என்ன எரிக்கிறீர்கள்?" என்பது. பெயர் கேட்கவில்லை, எந்த நாடு என்றும் கேட்கவில்லை. மார்லீன் என்ற அந்த எழுபது வயதுக்காரர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, எங்கள் புகைபோக்கியைப் பார்த்து மூக்கைச் சுளித்தபடி நின்றிருந்தார். வீட்டுச் சாமான்கள் வந்திறங்கிய மரச்சட்டங்களை உடைத்து நான் கூடத்துக் கணப்பில் போட்டிருந்தேன். "விறகு" என்றேன். "அதுதான், என்ன விறகு?" என்றார். நான் திரும்பிக் கணப்பைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. விறகு என்றால் சீமைக்கருவேலம். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பிலும் அதுதான், டீக்கடையிலும் அதுதான், கடைசியில் சுடுகாட்டிலும் அதுதான். இங்கேயோ ரெட்கம், அயர்ன்பார்க் என்று பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல விறகின் பூர்வீகம் விசாரிக்கிறார்கள். எத்தனை வருடம் காய்ந்தது, எத்தனை மணி நேரம் கங்கு நிற்கும் என்று பேசிப் பேசியே அரைநாள் போகிறது.

மரம் தெரியாதவன் என்ற பெயரோடு இருந்திருந்தால் பரவாயில்லை. மரம் தெரிந்தவன் என்று நானே நினைத்துக்கொண்டதில்தான் வினை வந்தது.

அப்பா இறந்த பிறகு வந்த முதல் தை அமாவாசை. ஊரிலிருந்து தம்பி பாண்டி கூப்பிட்டான். "அண்ணே, நான் மாட்டுக்கு அகத்திக்கீரை குடுத்துட்டேன். ஆனா மூத்த பிள்ளை நீங்கதான? அங்க மாடு கீடு இல்லையா?"

மாடு இருந்தது. மார்லீனிடம் செல்லமாக வளர்த்த ஒரு கிழட்டுப் பசு உண்டு. அதன் பெயர் பெட்டி. அவர் சாயங்காலம் "பெட்டி! பெட்டி!" என்று கூப்பிடும்போதெல்லாம், ரயிலில் எதையோ தொலைத்தவர் மாதிரியே எனக்குக் கேட்கும். அகத்திக்குத்தான் எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனேன். வேலியோரம் நின்றது மரம். குச்சியின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்ன நீளவட்ட இலைகள். நவம்பரில் வெள்ளைப் பூ கொத்துக்கொத்தாகத் தொங்கியதும் நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் கண் முன்னால் நின்றதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேனே என்று என் தலையில் நானே தட்டிக்கொண்டேன்.

என் மனைவி செல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பவள். "ஏங்க, அகத்தியில ஏதுங்க முள்ளு?" என்றாள்.

"ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்."

"காயும் குட்டையா இருக்கு."

"இந்த ஊர்க் குளிருக்குக் குறுகியிருக்கும்."

"என்னமோ பண்ணுங்க. பொரியல் வைக்க மட்டும் சொல்லாதீங்க, வைக்க மாட்டேன்."

குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, ஒரு கட்டு இலையோடு வேலியோரம் போய் நின்றேன். பெட்டி ஆடி அசைந்து வந்தது. முகர்ந்தது, யோசித்தது, ஒரு வாய் பறித்தது. அப்பாவை நினைத்து நான் கண்ணை மூடிய நேரம், மார்லீன் வீட்டுப் பக்கமிருந்து ஒரு அலறல்.

"லோகஸ்ட்! லோகஸ்ட்!"

லோகஸ்ட் என்றால் வெட்டுக்கிளி என்றுதான் நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். ஒரு காக்காய்கூட இல்லை. "எங்கே?" என்று நானும் பதறிக் கத்தினேன். "உன் கையில்!" என்றார். கையை உதறினேன். இலைக்கட்டு மொத்தமும் பெட்டியின் மூஞ்சிக்கு நேராகக் கீழே விழுந்தது. அந்த வயதில் ரப்பர் பூட்ஸோடு ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வந்தவர் பசுவின் வாயில் விரலை விட்டு, பாதி மென்ற இலையைப் பிடுங்கி எறிந்தார். பிறகுதான் மூச்சு வாங்க விளக்கினார்: அது பிளாக் லோகஸ்ட் என்ற மரம், இலையும் பட்டையும் விதையும் விஷம், குதிரை மாடு தின்றால் ஆபத்து.

அப்பாவின் பெயரைச் சொல்லி, அமாவாசையன்று, ஒரு பசுவுக்கு என் கையால் விஷம். இதைப் பாண்டியிடம் எந்த வாயால் சொல்வேன்?

மாட்டு வைத்தியர் போனில் சொன்னார், ஒரு வாய்தானே, பயப்பட வேண்டாம், ஆனால் மந்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்று. பெட்டி பிறந்ததிலிருந்தே மந்தம் என்றார் மார்லீன். எந்த மந்தத்தை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? ஒரு வாளித் தண்ணீரோடு நான் வெயிலில் அதன் எதிரே உட்கார்ந்துவிட்டேன். அது கண்ணைச் சொருகும்போதெல்லாம் எழுந்துபோய்க் கையைத் தட்டினேன். அது வெறுப்போடு பார்த்தது.

மார்லீனும் ஒரு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். கோபம் தணிந்திருந்தது. "எதற்காக இதைக் கொடுத்தாய்?" என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இறந்துபோன அப்பா, கீரை, பசு.

பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியானால் பெட்டி அதை உன் அப்பாவிடம் சேர்ப்பித்துவிடுமா? தபால் மாதிரி?"

"கிட்டத்தட்ட."

"என் ரானுக்கும் சேருமா?" ரான் அவருடைய கணவர், இறந்து நாலு வருடமாகிறது. "அவனுக்குக் கீரையே பிடிக்காது" என்றார் உடனே, தனக்குத்தானே.

பொழுது சாயும் நேரத்தில் பெட்டி அசைபோடத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் அதன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நிம்மதியோடு ஒரு மாடு மெல்வதை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

மறுவாரமே மரத்தை வெட்ட முடிவாயிற்று. வேலியில் நின்ற மரம், ஆளுக்குப் பாதி விறகு என்றார் மார்லீன். மரம் அறுக்கும் செயின்சா அவருடையது, பிடித்ததும் அவரே. எனக்குக் கிடைத்தது கோடாரியும் பாடமும். இலைக்காம்பின் அடியில் ஜோடி ஜோடியாக முள், முறுக்கிய கயிறு போல வரிவரியாய்ப் பிளந்த பட்டை, உள்ளே மஞ்சளாய் வைரம் பாய்ந்த கட்டை. "இனிமேல் மறப்பாயா?" என்று ஒவ்வொரு துண்டுக்கும் கேட்டார். கருவேலம் பிளந்து பழகிய கை என்று நான் முதலில் பெருமையடித்தேன். முதல் வெட்டிலேயே கோடாரி துள்ளித் திரும்பிவந்தது. இரும்பு ஆப்பு வைத்து அடித்து, உள்ளங்கை முழுக்கக் கொப்புளத்தோடுதான் அந்த மரம் விறகானது. ஒரு வருடமாவது காய வேண்டும் என்றார். ஜூலைக் குளிர் எங்களைக் காத்திருக்க விடவில்லை. ஆனாலும் எரிந்தது பாருங்கள்! ஆர்ப்பாட்டமில்லாத சின்னச் சுவாலை, இரவில் போட்ட கட்டை காலையிலும் கங்காகக் கிடந்தது. செல்வி முதல்முறையாக ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நடந்தாள்.

ஆனால் லோகஸ்ட் வெட்டினால் சாகிற மரமில்லை. வசந்தம் வந்ததும் வேர் ஓடிய இடமெல்லாம் முளைத்தது, என் புல்வெளியில், அவருடைய மேய்ச்சல் நிலத்தில், வேலிக்கு நேர் அடியில். ஞாயிற்றுக்கிழமைகளில் கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் பிடுங்குகிறோம்.

போன ஞாயிறு பிடுங்கிக்கொண்டிருந்தபோது பாண்டி வீடியோவில் வந்தான். என் கையிலிருந்த மரக்கன்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே! அகத்திதான அது? அங்கயும் வருதா! விட்டுறாதீங்க, வளருங்க."

அவன் சொன்ன எதுவும் புரியாத மார்லீன், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, போனை நோக்கி உரக்கச் சொன்னார்: "லோகஸ்ட்!"

"யாருண்ணே அந்தம்மா? அகத்திதான்னு சொல்றாங்களா?"

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போனைப் பார்த்து "ஆமாடா" என்றேன். திரும்பி வேலியைப் பார்த்து "யெஸ்" என்றேன்.