மணலில் வறுத்த காப்பிக்கொட்டை

நல்லுசாமி சார் இறந்துவிட்டார். காலையில் எருமப்பட்டியிலிருந்து அவர் மகன் போன் செய்து சொன்னார்... தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் பரமத்தி வேலூரில் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் சரித்திரம், நான் விஞ்ஞானம். அவரிடம் படித்தவர்கள் சிலர் இந்தக் குழுவில் இருப்பீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன். எனக்கு இப்படி எழுதிப் பழக்கமில்லை.

ஸ்டாஃப் ரூமில் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்கும். நான் பேசினால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. "உங்களுக்கு ஒரு மைக் செட்டு வாடகைக்கு எடுக்கோணுமுங்க சார்" என்பார்.

அப்போது என் மனைவி கோமதி வயிற்றில் கட்டி வந்து படுக்கையில் இருந்தாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சோறு வேகும் வாசனைகூட அவளுக்குக் குமட்டியது.

ஒரு நாள், "காப்பிக்கொட்டை வறுக்கற வாசம் ஒருக்கா வந்தா நல்லா இருக்குமுங்க" என்றாள். சேலத்தில் அவள் பிறந்த வீட்டில் வாரா வாரம் வறுப்பார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் கடைப் பொடிதான்.

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏற்காட்டுப் பக்கம் வேலையில் இருந்த அவள் அண்ணன் பச்சைக்கொட்டை கொடுத்தனுப்பினார். ஸ்டவ்வில் இரும்பு வடச்சட்டியை வைத்து நானே வறுத்தேன். தீயைக் கூட்டி, குறைத்து, கொட்டையை உடைத்து உடைத்துப் பார்த்து... மேலே கரி, உள்ளே பச்சை. வீடெல்லாம் புகை. கோமதிக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை.

இன்னொரு நாளும் அப்படியே ஆயிற்று. அதற்கு மேல் எனக்குத் தைரியம் வரவில்லை. கொட்டை மீதம் இருந்தது. அவளுக்குத்தான் நாள் குறைந்துகொண்டே வந்தது.

நல்லுசாமி சாரிடம் சொன்னேன்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கறீங்க? மூட்ட மூட்டையாக் கடலைக்காய் வறுக்கற குடும்பமுங்க எங்களுது. காப்பிக்கொட்டை என்ன பெரிய இதுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை ஒரு டின் நிறையக் காவேரி ஆற்று மணலோடு வந்தார். அவர்கள் தோட்டத்தில் கடலைக்காயைச் சூடான மணலில் போட்டுத்தான் வறுப்பார்கள். தீயாது, எல்லாப் பக்கமும் ஒரே சீராக வறுபடும். விஞ்ஞானப்படி எனக்கும் அது சரியென்றே பட்டது.

கொல்லையில் கல் கூட்டி, காய்ந்த பருத்திமாறு விறகு வைத்து எரித்தார். கோமதியின் கட்டிலைப் பின்வாசலுக்கு அருகில் நகர்த்திப் போட்டோம். மணலுக்குள் கொட்டை படபடவென்று வெடித்தது. புகை வேலிப் பக்கம் போயிற்று... வாசனை மட்டும் வீட்டுக்குள் வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குமட்டவில்லை. இருமவில்லை.

சார் சல்லடையில் சலித்து முறத்தில் கொட்டினார். அழகான பழுப்பு. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். காப்பிக்கொட்டையின் நடுவில் ஒரு பிளவு இருக்குமே... அது முழுக்க மணல். இன்னொன்றை எடுத்தேன். அதிலும்.

சாரும் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கடலைக்காய்க்கு மேல தொலி இருக்குதுங்க சார். அத ரோசனை பண்ணாம உட்டுட்டனுங்க" என்றார்.

"ஏனுங்கண்ணா," என்று கட்டிலிலிருந்து கோமதி அவரைக் கூப்பிட்டாள். "காவேரியவே வறுத்துக் கொண்டாந்துட்டீங்களாட்ட இருக்குது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான்.

ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு இரண்டு வாத்தியார்களும் கொட்டை கொட்டையாக மணலைக் குத்தி எடுத்தோம். "பரீட்சைப் பேப்பர் திருத்தறாப்பல பாக்காதீங்க சார். பொழுது போயிரும்" என்று என்னை விரட்டினார். அரைத்துக் காப்பி போட்டபோதும் பல்லில் நறநறத்தது. அவரும் நானும் குடித்தோம். கோமதி குடிக்கவில்லை. ஒரு கை கொட்டையை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாள்.

நான் சேலம் வந்துவிட்டேன், அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். எனக்கு என் ஞாபகத்தின் மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. வலியில் முகம் சுளித்ததை நான்தான் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேனோ என்று திடீரென்று தோன்றும். உடனே அவருக்குப் போன் செய்வேன்.

"சிரிச்சாங்க சார். என்னையப் பாத்துத்தான் சிரிச்சாங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

எத்தனை தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல் சொல்வார். அதன் பிறகு கொஞ்ச காலத்துக்கு எனக்குப் போதும்.

போன பொங்கலுக்குப் பேசியபோதும் கேட்டேன். "எந்தக் காப்பிங்க சார்?" என்றார். அப்பாவுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் தங்குவதில்லை என்று மகன் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் கேட்டிருக்கக் கூடாது.

முழுவதையும் சொன்னேன். மணல், சல்லடை, கட்டில்... கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். சிரிச்சிருப்பாங்க சார்."

மதியம் எடுக்கிறார்களாம். பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும்.

இருங்கள் சார், வந்துவிடுகிறேன். இந்தத் தடவை எதுவும் கேட்க மாட்டேன்.