வேலிக்கு வெளியே நான் நிறுத்திய தாய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்த நாட்கள். இடம், மன்னார் தீவில் எங்கள் ஊர் விளையாட்டு மைதானம். மைதானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு பக்கம் பனைகள், மறுபக்கம் பழைய கம்பி வேலி, நடுவில் மணல் கலந்த தரை. மூலையில் தடிகளும் பந்துகளும் வைக்கும் சாமான் அறை ஒன்று. பயிற்சி தொடங்குமுன் கழுதைகளைக் கலைத்துவிட்டுத்தான் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். பகலில் நான் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர், கோப்புகளோடு வேலை. பின்னேரங்களில் ஊர் விளையாட்டுக் கழகத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குவேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் எனக்கு உதவியாக ஒரு நண்பன் வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடக் காலத்தில் என்னோடு அஞ்சல் ஓட்டம் ஓடியவன். மூன்றாவதாக ஓடி நான் அவன் கையில் கோலைக் கொடுப்பேன், நாலாவதாக அவன் ஓடி முடிப்பான். பல வருடம் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருந்தான். கலகலப்பானவன். பிள்ளைகள் என்னைப் பெரிய சேர் என்றும் அவனைச் சின்ன சேர் என்றும் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளைகளின் ஓட்டப் பயிற்சியை முழுதாக அவனிடம் விட்டுவிட்டு, பாய்தல், எறிதல் பக்கம் நான் நின்றுகொண்டேன்.

அதே காலத்தில்தான் எருக்கலம்பிட்டியில் இருந்து ஒரு பெண்பிள்ளை நீளம் பாய்தல் பழக வந்தது. பதின்மூன்று வயது. அதன் தாயும் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் கூடவே வருவார். வந்து வேப்பமரத்தடியில் இருப்பார். கையில் ஒரு தையலோ புத்தகமோ கிடையாது, போனைக்கூட எடுக்கமாட்டார். பயிற்சி முடியும்வரை சும்மா இருந்து பார்ப்பார். அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஒரு கிழமை பொறுத்துவிட்டு மெதுவாகச் சொன்னேன். “நீங்கள் ஒவ்வொரு நாளும் இருக்கத் தேவையில்லை. பிள்ளையை நாங்கள் கவனமாப் பாப்பம்.”

“இருந்திட்டுப் போறன் சேர். எனக்கு இதில ஒரு கரைச்சலும் இல்லை” என்றார்.

மற்றப் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள். இவருக்கு மட்டும் என்னில் நம்பிக்கை இல்லையா? என் நண்பன் வேறு சிரித்துக்கொண்டே, “உனக்கும் எனக்கும் காவல் போட்டிருக்கினம் போல” என்றான். நான் சிரிக்கவில்லை. அந்த மாதக் கூட்டத்தில், பயிற்சி நேரத்தில் பெற்றோர் உள்ளே இருக்கக்கூடாது, பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது என்று நானே ஒரு விதி கொண்டுவந்தேன். எல்லாரும் சம்மதித்தார்கள். உண்மையில் அந்த விதி ஒரே ஒருவருக்காகத்தான்.

அவரிடம் சொன்னபோது, “ஓம் சேர், விளங்குது” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் வீட்டிலேயே நின்றுவிடுவார் என்று நினைத்தேன். வந்தார். கம்பி வேலிக்கு வெளியே, வெயிலில் நின்று பார்த்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

இனி இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலேயே கடற்தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பதினாறு வயது. எண்ணூறு மீற்றரில் எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை. தாய் குவைத்தில் வீட்டு வேலை, தகப்பன் கடல். பிள்ளை சின்னம்மா வீட்டில் வளர்ந்தது. வருடத் தொடக்கத்தில் அது ஓடியதைப் பார்த்து மாகாணப் போட்டியில் வெல்லும் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். ஆனால் சோளகம் தொடங்கியதில் இருந்து நேரம் கூடிக்கொண்டே போனது. காற்றைச் சாட்டாகச் சொல்லலாம், ஆனால் அதே காற்றில்தான் மற்றவர்களும் ஓடினார்கள்.

ஒரு பின்னேரம் நான் கோடு போட்டுக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை நேரத்தோடு வந்து பக்கத்தில் நின்றது. “சேர்” என்றது. “முதல்ல ஓடு, பிறகு கதைப்பம்” என்றேன். ஓடியது. நேரம் எடுக்கும் மணிக்கூட்டைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் முன்னால் ஏசினேன். சோம்பல் பிடித்துவிட்டது, ஓட விருப்பமில்லாவிட்டால் இடத்தை வேறு ஆருக்காவது விடு என்றேன். பிள்ளை குனிந்த தலை நிமிராமல் போய்விட்டது. என்ன கதைக்க வந்தது என்று நான் பிறகு கேட்கவில்லை.

அதற்கு ஒரு கிழமை கழித்து, பயிற்சி முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே இருந்து அந்தத் தாய் கூப்பிட்டார்.

“சேர், ஒரு நிமிஷம் வாறீங்களோ?”

விதியைப் பற்றி முறையிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

“அந்த எண்ணூறு ஓடுற பிள்ளையைக் கொஞ்ச நாளாப் பாக்கிறன்” என்றார். “நீங்கள் கூப்பிட்டா உடனே வாறாள். சின்ன சேர் சாமான் அறையடியில நிண்டு கூப்பிட்டா, குனிஞ்சு சப்பாத்து லேஸை அவிட்டுத் திரும்பக் கட்டுறாள். லேஸ் ஒழுங்காத்தான் கட்டியிருக்கு. இண்டைக்கு மூண்டு தரம் அவிட்டுக் கட்டிப்போட்டுத்தான் அங்க போனவள்.”

எனக்கு முகம் சூடேறியது. “அது கால் பிடிப்புக்கு எண்ணெய் போட்டு விடுறவன். அவன் எனக்குத் தம்பி மாதிரி” என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “நான் ஆரையும் குற்றம் சொல்ல வரேல்லை சேர். பிள்ளைக்கு அந்த அறைக்குள்ள போக விருப்பமில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏனெண்டு அவளிட்டத்தான் கேக்கோணும். நீங்கள் கேட்டாச் சொல்லமாட்டாள். நீங்கள் ஓம் எண்டா நான் கேக்கிறன்.”

நான் ஓம் சொல்லாமல் மணிக்கூட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மஃரிப் தொழுகைக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். அவர் போனபிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை. யாரோ என் முகத்தில் சேறு பூசியது போல இருந்தது.

அடுத்த நாள் பயிற்சிக்குப் போனபோது நான் மணிக்கூட்டைக் கையில் எடுக்கவில்லை. எண்ணூறு ஓடும் பிள்ளையின் கையை மட்டும் பார்த்தேன். சின்ன சேர் அறை வாசலில் நின்று, “வா, காலைப் பாப்பம்” என்று கூப்பிட்டான். பிள்ளை குனிந்தது. கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தது. மெதுவாகக் கட்டியது. மற்றச் சப்பாத்தையும் அவிழ்த்தது. பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இதை ஒருநாளும் காணவில்லை.

நண்பனைக் கூப்பிட்டு, ஆண்பிள்ளைகளின் ஓட்டத்தைக் கொஞ்சம் பார் என்று மணிக்கூட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பிறகு கேற்றடிக்குப் போய் அந்தத் தாயை உள்ளே வரச் சொன்னேன். “கேளுங்கோ” என்றேன்.

அவரும் அந்தப் பிள்ளையும் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். நான் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒருதரம் திரும்பிப் பார்த்தபோது பிள்ளை அவரது மடியில் முகத்தை வைத்திருந்தது. அவர் அதன் தலையில் கையை வைத்தபடி இருந்தார்.

பிறகு அவர் எனக்குச் சொன்னவற்றை முழுவதும் இங்கே எழுதமாட்டேன். அது அந்தப் பிள்ளைக்குச் சொந்தமான கதை. போனில் வந்த மெசேஜ்கள், அந்த அறை, வெளியில் சொன்னால் போட்டிக்குப் பெயர் போகாது என்ற மிரட்டல். ஆனால் என்னை உடைத்தது வேறு ஒன்று.

“பெரிய சேரிட்டச் சொல்லப் போனவளாம்” என்றார் அவர். “நீங்கள் அண்டைக்கு ஏசிப்போட்டீங்களாம். உங்களுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் ஏசினீங்கள் எண்டு நினைச்சிருக்கிறாள்.”

நான் அந்த மணலிலேயே இருந்துவிட்டேன்.

அன்றே கழகத்து நிர்வாகத்தில் இருந்த மூத்தவர்களிடம் போனேன். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. “ஊருக்குத் தெரிஞ்சாப் பிள்ளையின்ர பேர்தான் கெடும். அவனை மெதுவா நிப்பாட்டிப்போட்டு விடுவம்” என்றார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது சுலபமாக இருந்தது. மறுநாள் அந்தத் தாயிடம் இதைச் சொன்னேன்.

அவர் தலையை அசைத்து மறுத்தார். “இங்க நிப்பாட்டினா வேற ஒரு மைதானத்துக்குப் போவார் சேர். அங்க வேலியடியில நான் நிக்கமாட்டன்.”

நாங்கள் இருவரும் பிள்ளையின் சின்னம்மாவிடம் போனோம். அவர் முதலில் அழுதார். பிறகு முகத்தைக் கழுவி, சீலை மாற்றிக்கொண்டு வந்து, “எங்க போகோணும்?” என்று கேட்டார். பிரதேச செயலகத்தில் சிறுவர்களுக்குப் பொறுப்பான பெண் உத்தியோகத்தர் பிள்ளையை அவசரப்படுத்தாமல் கேட்டார். பிறகு பொலிஸ். இப்போது அது நீதிமன்றத்தில் இருக்கிறது, ஆகவே அதைப் பற்றி மேலே எழுதவில்லை.

அந்த நாட்களில் நண்பன் ஒருதரம் என் கந்தோர் வாசலுக்கு வந்தான். “என்னை உனக்குத் தெரியாதோ?” என்று கேட்டான்.

“தெரியும் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்” என்றேன். அவன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். முப்பது வருடச் சிநேகம். அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

பிள்ளை இரண்டு மாதம் மைதானத்துக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்தபிறகு, அந்த வீட்டுக்குப் போனேன். சின்னம்மா கதிரை போட்டார். பிள்ளை கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றது.

“பிள்ளை, நீ அண்டைக்கு என்னட்டச் சொல்ல வந்தனி. நான் கேக்கேல்லை. அது என்ர பிழை. நீ ஒரு பிழையும் செய்யேல்லை” என்றேன்.

பிள்ளை உள்ளே போய்விட்டது. இனி என்ன, எழும்பிப் போவோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, தேத்தண்ணியோடு திரும்பி வந்தது. அதை என் கையில் தந்துவிட்டுக் கேட்டது.

“சேர், நான் வந்தால் அந்த அன்ரி உள்ளுக்க வந்து இருப்பாவோ?”

அடுத்த நாளே எருக்கலம்பிட்டிக்குப் போனேன். அந்தத் தாயிடம் பிள்ளை கேட்டதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவருக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. “விடுங்கோ சேர்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிளம்பும்போது, மனதில் கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். முதல் நாளில் இருந்தே எங்களில் உங்களுக்குச் சந்தேகம் இருந்ததா?

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “இல்லை சேர். மகள் பாயிறதைப் பாக்க எனக்கு ஆசை. அந்தரத்தில ஒரு நொடி நிப்பாளே, அதைப் பாக்கத்தான் வந்தனான். பாத்துக்கொண்டு இருந்தால் மற்றப் பிள்ளையளும் கண்ணில படும்தானே.”

வீடு வரும்வரை நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன். மகளைப் பார்க்கும் ஆசையில் வந்த ஒருவரைத்தான் என்னை அவமதிக்க வந்தவர் என்று வெயிலில் நிறுத்தியிருந்தேன்.

நான் கொண்டுவந்த விதியை அடுத்த கழகக் கூட்டத்தில் நானே எழும்பி நின்று எடுக்கச் சொன்னேன். சாமான் அறைக் கதவின் பிணைச்சல்களைக் கழற்றிக் கதவையே எடுத்துவிட்டேன். இப்போது ஒரு பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியே நிற்பதில்லை, நானும்தான். பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவதில்லை, அனுப்பினால் வீட்டாரும் இருக்கும் குழுவில்தான். கால் பிடித்தால் மைதானத்தின் நடுவில், தாய்மார் முன்னால்தான் பார்ப்போம். தாய்மார் முறை போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்த முதல் பின்னேரம் இரண்டு சுற்று ஓடியது. நேரத்தை நான் எடுக்கவில்லை. முடிந்ததும் நேரே போய் அந்த அன்ரிக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க இருந்தது. அவர் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். அந்த வருட மாகாணப் போட்டியில் அது எந்த இடமும் எடுக்கவில்லை. இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறது. இன்னும் ஓடுகிறது.

பெரிய சேர் இருக்கிறார், ஆகவே பயமில்லை என்று ஊரில் யாராவது சொன்னால் எனக்கு இப்போது உடம்பு கூசுகிறது. பெரிய சேர் இருந்த மைதானத்தில்தானே அது நடந்தது. புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வரும் ஒரு தாயோ தகப்பனோ, “நாங்கள் இருந்து பாக்கலாமோ?” என்று கேட்டால் இன்றைக்கும் மனதுக்குள் சின்னதாக ஒன்று குத்தத்தான் செய்கிறது, குத்துப்படுவது என் பெருமைதான், அதைத் தாங்கிக்கொள்ள எனக்கு வயது போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அவர்களை உள்ளே கூப்பிடுகிறேன்.