சத்திரத்துக்கு வரச் சொன்ன பஸ்

எனக்குப் பொறுமை என்பது கொஞ்சமும் கிடையாது. மாலை ஆட்டம் சினிமாவுக்குப் போவதென்றாலே மத்தியானத்திலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிற ஆள் நான். அதனால்தானோ என்னவோ, என் அண்ணன் மனைவியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

அறுபதுகளில் என் தங்கையின் கல்யாணம். அம்மா இல்லாத வீடு, எல்லாப் பொறுப்பும் அண்ணி தலையில். தங்கைக்கு அதற்கு முன்னால் பேசி முடித்த இடம், நிச்சயதார்த்தம் ஆன பிறகு நின்றுபோயிருந்தது. அதிலிருந்து வாசலில் யார் குரல் கேட்டாலும் அவளுக்கு முகம் வெளுத்துவிடும். “இந்தத் தடவையும் எதுனா ஆயிடுமா அண்ணி?” என்று நலங்கு வைக்கும்போதுகூடக் கேட்டாள்.

மாப்பிள்ளை வீடு காஞ்சிபுரம். முதல் நாள் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பெண் அங்கே போய்ச் சேர வேண்டும். மழையில் ஏரிக்கரைப் பாதை சேறாகிக் கிடந்ததால் எங்கள் ஊரான வடக்குப்பட்டுக்குள் பஸ் வராது. மாட்டு வண்டிகளில் சுங்குவார்சத்திரம் போய், அங்கிருந்து வாடகை பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரிடம் அண்ணன்தான் பஸ்ஸுக்குச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் வந்து இறங்கினோம். பஸ்ஸைக் காணோம். சாமான்களை இறக்கியாயிற்று, வண்டிகளையும் திருப்பி அனுப்பியாயிற்று, அப்போதும் வரவில்லை. நான் ரோட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். அண்ணன் போன் பண்ணப் போய் லைன் கிடைக்காமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறந்து கத்தப் போன நேரத்தில் அண்ணி என் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துப் போனார்.

“பஸ் வர்ல, கிஸ் வர்லன்னு ஒரு வார்த்தை பொண்ணு காதுல வுழக்கூடாது.”

“உங்களுக்குப் பயமா இல்லியா அண்ணி?”

“கீது. அதுக்கு இப்போ நேரமில்ல.”

டீக்கடைக்குப் பின்னால் புளியமரத்தடியில் ஜமக்காளத்தை விரிக்கச் சொன்னார். எல்லாருக்கும் டீயும் பன்னும். தங்கையை நடுவில் உட்கார வைத்து, அவள் பின்னலை அவிழ்த்து, நிதானமாகச் சிக்கெடுக்க ஆரம்பித்தார். வண்டி ஆட்டத்தில் தலை கலைந்துவிடும் என்று தெரிந்துதான் அலங்காரத்தை இங்கே வைத்துக்கொண்டதாக அவளிடம் சொன்னார். கூட வந்த பெண்களும் பூத்தொடுக்க உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ நலங்குப் பாட்டை எடுத்தார்கள். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஊர் ஜனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. நான் மட்டும் ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குஞ்சலம் கட்டி முடிக்கும் சமயம், நெல் மூட்டை இறக்கிவிட்டுக் காஞ்சிபுரம் பக்கமாகக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்று டீக்கு நின்றது. அண்ணி எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு தேங்காய் வைத்து டிரைவரிடம் போனார். பஸ் விஷயமே பேசவில்லை. மறுநாள் முகூர்த்தத்துக்கு வந்துவிட வேண்டும் என்று முறையாக அழைத்தார். ஒன்றும் புரியாமல், எங்கே கல்யாணம் என்று அவர் கேட்க, “காஞ்சிபுரம். பொண்ணே நம்ம லாரிலதான் வரப்போவுது” என்றார். தட்டை வாங்கிய கை எப்படி மறுக்கும்? மனுஷர் துண்டை எடுத்து முன் சீட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

பஸ் என்றால் அவளுக்கு வாந்தி வரும், அதனால்தான் லாரி என்று தங்கைக்கு ஒரு காரணமும் தயாராக இருந்தது. அண்ணியும் அவளும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். பின்னால் நாங்கள், சீர்த் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு.

காஞ்சிபுரத்தில் விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய் இறங்கினால், கல்யாணச் சத்திரத்து வாசலில் எங்கள் பஸ் நிற்கிறது. டிரைவர் சீட்டில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பினோம். “சத்திரத்துக்கு வரச் சொன்னீங்க, அப்பவே வந்துட்டேனே” என்றார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சத்திரம் என்றால் சுங்குவார்சத்திரம் ஒன்றுதான். அவருக்கோ, கல்யாணம் என்றால் கல்யாணச் சத்திரம். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இது யார் பஸ் என்று தங்கை கேட்டதுதான் தாமதம், “நம்மளுதுதான். நாங்க திரும்பிப் போறதுக்குன்னு முன்னாடியே வந்து நிக்கச் சொன்னேன்” என்றார் அண்ணி. ஆரத்தித் தட்டோடு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். லாரி டிரைவர் மறுநாள் சலவை வேட்டியில் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

தங்கையின் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது எல்லாரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடினோம். யார் எதில் போவது, யார் எங்கே இறங்குவது என்று ஆளுக்கொரு பேச்சு. வழக்கம்போல நான்தான் குதித்துக்கொண்டிருந்தேன்.

தங்கை என்னைக் கையமர்த்தினாள். “அண்ணி செஞ்ச மாதிரி செய்ணும்ணா. எங்க தலை பின்றது, எதுல போறது, திரும்பறதுக்கு பஸ்ஸு, எல்லாமே முன்னாடியே யோசிச்சி வெச்சாங்க. ஒரு கொறை வந்துச்சா? அன்னிக்குத்தாண்ணா எனக்கு அந்தப் பயம் வுட்டுது.”

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், “உக்காந்து காபியைக் குடி, ஆறிடப்போவுது” என்றார்.

உட்கார்ந்து குடித்தேன்.