உள்பக்கத்தில் நின்ற கார்

இந்த மாதம் ஒன்பதாந் திகதி, வியாழக்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். மேகம் மூடிய வானம். மழையும் இல்லை, கடற்காற்றும் இல்லை. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நானும், நாலாம் மாடியில் இருக்கும் வங்கி உத்தியோகத்தரான பெண்ணும், ஏழு முருங்கைக்காய்களும்.

"அங்கிள், பயப்பிடாதேங்கோ. இப்ப ஜெனரேட்டர் போடுவினம்" என்றாள் அந்தப் பெண்.

"பயமில்லைப் பிள்ளை, நேரம் பாக்கிறன்" என்றேன்.

அவளுடைய தோளில் புதிய தோற்பை ஒன்று தொங்கியது. காற்றில்லாத அந்தப் பெட்டிக்குள் அதன் மணம் மெல்லப் பரவியது. மூன்றாவது நிமிடத்தில் நான் லிப்டுக்குள் இல்லை. விற்றுப்போன என் காருக்குள் இருந்தேன்.

முருங்கைக்காயை ஏன் எண்ணினேன் என்று நீங்கள் கேட்கலாம். துறைமுகத்தில் முப்பத்திநான்கு வருடம், கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறிப்பதுதான் என் உத்தியோகம். ஓய்வு பெற்றது நான்தான், எண்ணும் பழக்கம் பெறவில்லை. படிகளை எண்ணுவேன், போகும் றெயிலின் பெட்டிகளை எண்ணுவேன், கோயிலில் பிரசாதம் வாங்குபவர்களையும் எண்ணுவேன். மனைவி பவளத்துக்கு இது பிடிக்காது. அவள் எதையும் எண்ணுவதில்லை. அவள் எண்ணியது ஒரே ஒரு தடவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

காருக்கு வருகிறேன். ஜெர்மன்காரர் செய்தது. சின்னது, ஆனால் மகாராணி. ரொறொன்ரோவில் இருக்கும் மகன் பாதிக் காசு அனுப்பினான். "அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, பஸ்ஸிலை ஏத்தாதேங்கோ" என்றான். மூன்று வருடம் ஓடிய காரை ஐம்பத்தெட்டு லட்சத்துக்கு வாங்கினோம். தோல் இருக்கை. கதவை மூடினால், காலிப் பட்டினத்துக்குப் போகும் காலி வீதியின் வாகனச் சத்தம் கிணற்றுக்குள் விழுந்ததுபோல அடங்கிவிடும். கார் நகர்ந்ததும் நாலு கதவும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். பவளத்துக்கு முதல் நாளே அது ஒத்துவரவில்லை. "என்னை உள்ளை வைச்சுப் பூட்டுது" என்றாள். பின் இருக்கையில் இருப்பவர் முழங்காலை எங்கே வைப்பது என்பதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை. ரயர் வெடித்தால் மாற்ற உதிரிச் சில்லு கிடையாது. விலை கூடிய பெற்றோலைத்தான் குடிக்கும். ரயரில் காற்று கொஞ்சம் இறங்கினாலும் மஞ்சள் விளக்கைக் காட்டும். அந்த விளக்கைக் கண்டால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

எங்கள் தொடர்மாடியில் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். சுவரோடு ஒன்று, அதை மறித்து வெளிப்பக்கத்தில் இன்னொன்று. உள்ளே நிற்கும் கார் வெளியே வர வேண்டுமென்றால் நகர்த்துவதற்காக, வெளிப்பக்கக்காரர் தன் கார்த் திறப்பை வாசற்காவல் வோச்சர் குணபாலவின் அறையில் ஆணியில் கொழுவிவிட்டுப் போகவேண்டும். இது எழுதாத சட்டம். அங்கே எட்டு ஆணிகள் இருந்தன. எனக்கு ஒதுக்கியது வெளிப்பக்கம். ஆனால் வெளியில் கடல் உப்பு படியும், காகம் எச்சமிடும், யாராவது பின்னுக்கு எடுக்கும்போது உரசுவார்கள். ஆகவே மூன்றாம் மாடி இராசரத்தினத்திடம் போய் அவருடைய உள்பக்கத்தைக் கேட்டு மாற்றிக்கொண்டேன். அதற்கு இரண்டு லட்சம் கூடக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் காசை வேண்டாம் என்று சொல்லவில்லை.

கார் வாங்கியதே பவளம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் தமக்கையிடம் போய்வரத்தான். அன்னமக்கா என்றால் எனக்கும் வெறும் மச்சாள் இல்லை. இருபத்திரண்டு வயதில் துறைமுக வேலைக்கு வந்தபோது அவர்கள் வீட்டு முன்னறையில்தான் வாடகைக்கு இருந்தேன். அந்த அறையில் நாலு பேர். நாலு எவர்சில்வர்ச் சோற்றுக் கோப்பைகளின் அடியிலும் ஆணியால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று குத்தியிருக்கும். நான் நாலாம் நம்பர். முதல் சம்பளம் வரும்வரை நாற்பத்தொரு நாள், ஒரு சதமும் கேட்காமல் அந்தக் கோப்பையில் சோறு போட்டவர் அன்னமக்கா. பவளத்தை எனக்குக் கட்டிவைத்ததும் அவர்தான். மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் எங்கே மணந்தாலும் இன்றைக்கும் என் கை அந்தக் கோப்பையைத்தான் தேடும்.

அப்படிப்பட்டவரின் வீட்டுக்கு நான் காரைக் கொண்டுபோகவே இல்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகள் ஒடுக்கம், லொறிகள், கைவண்டிகள். ஒரு கீறல் விழுந்தால்? வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் போனோம். பவளத்தின் முழங்கால் மோசமானபின் ஓட்டோவில் போனோம். கார்த் திறப்பு என் பொக்கெற்றுக்குள் இருக்கும். ஒவ்வொரு வெள்ளியும் அன்னமக்கா கேட்பார்: "தம்பி, கார் சுகமா இருக்கோ? கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, அதுக்கும் ஒரு தேத்தண்ணி குடுத்திருப்பன்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஐந்து வருடத்தில் அந்தக் கார் ஓடியது ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலு கிலோமீற்றர்.

அன்னமக்காவை மெல்பேர்னுக்கு நிரந்தரமாகக் கூட்டிப்போக அவருடைய மகன் வந்தான். அடுத்த மாதம் என்றிருந்த பயணம் திடீரென்று முன்னுக்கு வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை காலை அவர் பவளத்துக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, இண்டைக்குத்தானாம். நாலு மணிக்கு வான் வரும். வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ. தம்பியையும் கூட்டிவா. காரையும்."

கடைசிச் சொல்லை அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் ஏறிவிட்டது.

ஒன்று முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கினோம். என் காரை மறித்துக்கொண்டு இராசரத்தினத்தின் பெரிய கார். ஆணியில் திறப்பு இல்லை. "யதுர அந்த மாத்தயா கொண்டு போச்சு" என்றான் குணபால, திறப்பைச் சிங்களத்தில் சொல்லி. செத்தவீடு ஒன்றுக்காக இராசரத்தினம் விடிய றெயிலில் யாழ்ப்பாணம் போயிருந்தார். போன் எடுத்தேன்.

"அண்ணை, திறப்பு என்ரை சேர்ட் பொக்கெற்றுக்கை கிடக்குது. நான் வவுனியா தாண்டியிட்டன்."

"மற்றத் திறப்பு?"

"அது வீட்டுக்கை. வீட்டுத் திறப்பும் இந்தக் கொத்திலைதான் இருக்கு, அண்ணை."

அதற்குள் பவளம் வாசலில் ஓர் ஓட்டோவை மறித்துவிட்டாள். "ஆயிரத்தி எரநூறு குடுங்கய்யா, போற வழி பூரா டிராபிக்கு" என்றார் ஓட்டோக்காரர்.

"ஆயிரத்து இருநூறோ? எங்களிட்டைக் கார் நிக்குது" என்றேன்.

"கார் நிக்குதுதான். அதுதானே பிரச்சினை" என்றாள் பவளம்.

நான் கேட்கவில்லை. ஓட்டோ போய்விட்டது. பாமன்கடையில் தெரிந்த கராஜ்காரரை, சில்லு வைத்த ஜாக்கிகளோடு வரச்சொன்னேன். இராசரத்தினத்தின் காரைச் சில்லுச் சில்லாகத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளினோம். "மாத்தயா, த்ரீவீல்ல போங்க. இந்தக் கார் நாளைக்கும் இங்கதான் இருக்கும்" என்று குணபால இரண்டு தடவை சொன்னான். பவளம் அவனுடைய கதிரையில், மடியில் கைப்பையோடு இருந்தாள். என் கார் வெளியே வரத் தொண்ணூற்றைந்து நிமிடம் ஆனது. ஒரு கீறலும் இல்லை.

காலி வீதிக்கு ஏறியதும் கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன. பம்பலப்பிட்டியில் நின்றோம். கொள்ளுப்பிட்டியில் நின்றோம். உள்ளே குளிர், தோல் மணம், நிசப்தம். கண்ணாடிக்கு வெளியே ஓட்டோக்கள் எங்கள் இரண்டு பக்கத்தாலும் நுழைந்து போய்க்கொண்டிருந்தன. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க அன்னமக்காவின் போன் வந்தது. "இந்தா, பக்கத்திலை வந்திட்டம்" என்று நான் பொய் சொன்னேன். புறக்கோட்டையில் கைவண்டிகளுக்கு நடுவே அசையாமல் நின்றபோதுதான் பவளம் வாய் திறந்தாள்.

"நீங்கள் எண்ணேல்லையோ?"

"எதை?"

"ஓட்டோவை. நான் எண்ணினனான். முப்பத்தொரு ஓட்டோ எங்களை முந்திப் போட்டுது."

நாலு இருபத்தேழுக்கு வீட்டு வாசலில் நின்றோம். கேற்றில் பூட்டு. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பையோடு வந்தாள். "நாலே காலு மட்டும் றோட்டிலையே நிண்டவா. மகன்தான் பிளேன் போயிரும் எண்டு ஏத்தினவர். இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவா."

பைக்குள் நாலாம் நம்பர்க் கோப்பை இருந்தது.

"எயார்போட்டுக்குப் போவம்" என்றேன்.

"வேண்டாம். இன்னும் எத்தினை ஓட்டோவை என்னை எண்ணச் சொல்லுறீங்கள்?" என்றாள் பவளம். விமான நிலையத்திலிருந்து அன்னமக்கா போன் எடுத்தார். தங்கையோடு நாலு நிமிடம் கதைத்தார். என்னிடம், "கார் நல்லா இருக்கோ, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதில் பகிடி இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மெல்பேர்னில் ஒரு வருடமும் ஏழு மாதமும் இருந்தார். அவருடைய செத்தவீட்டை நாங்கள் போனில் பார்த்தோம்.

லிப்ட் பதினொரு நிமிடத்தில் அசைந்தது. வீட்டுக் கதவைத் திறந்த பவளம் முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளிக்கிழமைகளில் இப்போது அவள் எங்கேயும் போவதில்லை. கொட்டாஞ்சேனை வீட்டை இடித்து ஆறு மாடி கட்டிவிட்டார்கள். முன்னறை இருந்த இடத்தில் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கின்றன. துறைமுகத்தில் பெட்டிகளை எண்ண ஆட்கள் இல்லை, இயந்திரம் எண்ணுகிறது. உள்பக்கத்தில் இப்போது வேறு யாரோ ஒருவருடைய கார். நான் நாலாம் நம்பர்க் கோப்பையில் சாப்பிடுகிறேன். பவளமும் அதில்தான் சோறு போடுகிறாள்.

வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலம் என்பதால் கார் எண்பத்தேழு லட்சத்துக்குப் போனது. காப்புறுதி, சர்வீஸ், ரயர், உள்பக்கத்துக்குக் கொடுத்த இரண்டு லட்சம் எல்லாம் கழித்தும் பதினொரு லட்சம் மிச்சம். நீங்கள் ராசிக்காரர் என்று இராசரத்தினம் சொல்கிறார். கணக்கை நானும் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன், பிழை இல்லை. ஒரேயொரு தொகையை மட்டும் எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியவில்லை. அன்று அந்த ஓட்டோக்காரர் கேட்டது ஆயிரத்து இருநூறு ரூபா, பேசியிருந்தால் ஆயிரம்.